சோலார் மானியத்துக்காக நான் அலைந்த பத்து மாதங்கள்

2024 மே மாதம் வந்த மின்கட்டணம் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு 850 யூனிட். இரண்டு பிள்ளைகளும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏசி ஓடியதுதான் காரணம் என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதலாகச் செலவான யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 500-க்குள் இருப்பவர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் நாம் அதிக விலை கொடுக்கிறோம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் நானும் என் மாமியாரும் பிள்ளைகளும்தான் இருக்கிறோம். அதனால் சோலார் போடுவது என்று முடிவெடுத்தது முதல் மானியம் கைக்கு வந்தது வரை அத்தனை அலைச்சலும் என் தலையில்தான் விழுந்தது. அப்போது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்தார். மூன்று கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாய் ஆகும், அதில் 78,000 ரூபாயை அரசு கொடுத்துவிடும், உங்களுக்கு நிகரச் செலவு 1,17,000 ரூபாய்தான், நாற்பத்தைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அவர் சொன்ன மானியத் தொகை பொய்யில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 என்று வீடுகளுக்கான மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து கிலோவாட் போட்டாலும் 78,000 தான். ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் என்பதால், பணம் வராமல் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கவில்லை. நான் தவறாகப் புரிந்துகொண்டது வேறொன்றை. மானியம் என்றதும், துணிக்கடையில் தள்ளுபடி போல விலையிலேயே கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் முழுத் தொகையையும் நாம் நிறுவனத்துக்குக் கொடுத்து, பேனல் மாட்டி, உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் பொருத்தி, அதிகாரிகள் ஆய்வு செய்து, சான்றிதழ் வந்த பிறகுதான், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்கு மானியம் வருகிறது. அதாவது அந்த 78,000 ரூபாயையும் நாம்தான் முதலில் புரட்ட வேண்டும். இது தெரியாமல் 60,000 ரூபாய் அட்வான்ஸை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

முதல் முட்டுக்கட்டை மறுவாரமே வந்தது. எங்கள் வீட்டு மின் இணைப்பு என் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டணத்தைச் செலுத்த யார் பெயரில் இருந்தால் என்ன என்று நாங்கள் அதை மாற்றவே இல்லை. மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது மின் இணைப்பில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பதால், இறந்தவர் பெயரில் ஓர் அடிகூட நகர முடியவில்லை. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணைக்கு வந்தவர்களிடம் பதில் சொல்லி, வட்டாட்சியரின் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, யார் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வி எழுந்தது. கணவர் ஊரில் இல்லாததால் அத்தையின், அதாவது என் மாமியாரின், பெயருக்கே மாற்றுவது என்று பேசி முடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் பேருந்தில் போய்வந்தேன். கணவரின் கையெழுத்துக்கு அவர் விடுமுறையில் வரும்வரை காத்திருந்தோம். இதற்கெல்லாம் அரசுக்குக் கட்டிய தொகை சில நூறு ரூபாய்தான். போனது மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் என் அறுபதாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் அந்த நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே சோலார் நிறுவனத்தைத் தேடுவதற்கு முன்னால், மின்கட்டண ரசீதை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் பலருக்கு இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இணைப்பு இருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்தோம். இந்தப் பகுதி நான் பயந்த அளவுக்கு இல்லை. மின் இணைப்பு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டுவிட்டதால் அனுமதியும் விரைவாகக் கிடைத்தது. இடையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மானியக் கோப்பை நகர்த்த 4,500 ரூபாய் அனுப்பச் சொன்னார். அப்படி ஒரு கட்டணமே இல்லை என்பதை இணையதளத்தில் படித்திருந்ததால் தப்பித்தேன். திட்டத்தின் பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு போலித் தளங்களும் உலவுகின்றன. அரசுத் தளத்தின் முகவரி எப்போதும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். சந்தேகம் வந்தால் 15555 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

அக்டோபரில் மீதித் தொகைக்காக அத்தையின் வளையல்களையும் என் சங்கிலியையும் அடகு வைத்து 1,30,000 ரூபாய் வாங்கினேன். வட்டி ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம். இந்தத் திட்டத்துக்கென்றே மூன்று கிலோவாட் வரை, சொத்து அடமானம் இல்லாமல், அப்போது ஏழு சதவீதத்தை ஒட்டிய வட்டியில் பொதுத்துறை வங்கிகள் கடன் தந்துகொண்டிருந்தன என்பதை நகைகள் பெட்டகத்துக்குள் போன பிறகுதான் அறிந்தேன். அத்தையின் வயதைப் பார்த்து வங்கி என்ன சொல்லியிருக்குமோ, கேட்டுப் பார்க்கவாவது செய்திருக்கலாம். நகைக்கடன் வட்டியாக மட்டும் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் போனது.

பேனல்கள் வந்து இறங்கிய நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் சக ஆசிரியர் ஒருவர் மாலையில் வந்து பார்த்துவிட்டு, "இவை டி.சி.ஆர். பேனல்கள்தானா என்று கேட்டீர்களா, டீச்சர்?" என்றார். அந்தச் சொல்லையே நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இந்த மானியம் கிடைக்க வேண்டுமானால் பேனல் மட்டுமல்லாமல், அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே தயாரானதாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல்லை இறக்குமதி செய்து இங்கே பேனலாகக் கோத்திருந்தால், அதன் முதுகில் இந்தியத் தயாரிப்பு என்று ஒட்டியிருந்தாலும் மானியத்துக்கு அது செல்லாது. தரத்தில் குறைவானது என்பதால் அல்ல. மானியத்தின் நிபந்தனை அப்படி. டி.சி.ஆர். பேனலின் விலை கூடுதல் என்பதால், சில நிறுவனங்கள் மற்ற பேனலின் விலையைச் சொல்லி வாடிக்கையாளரைப் பிடிக்கின்றன. என் கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். '540 வாட் மோனோ பேனல், 3 கிலோவாட் அமைப்பு' என்று மட்டுமே இருந்தது. நிறுவனத்தை அழைத்தபோது, "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை வராது, மேடம்" என்று முதலில் சமாளித்தார்கள். பிறகு, மாற்றித் தர வேண்டுமானால் 18,000 ரூபாய் கூடுதலாகும் என்றார்கள். மானியத்தைச் சொல்லித்தானே விற்றீர்கள் என்று நான் சண்டை போட்டதற்கு, எழுத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் பதிலாக வந்தது. அன்று இரவு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதினெட்டாயிரத்தைக் கொடுத்துத்தான் மாற்றிக்கொண்டேன். கொட்டேஷனில் டி.சி.ஆர். என்ற சொல், பேனலின் தயாரிப்பாளர், எத்தனை வாட், எத்தனை எண்ணிக்கை, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் ஆகிய ஐந்தும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேனல்கள் வந்ததும், மேலே ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மாட்டிவிட்டால் முதுகைப் பார்க்க முடியாது.

இதே கொட்டேஷனில் இன்னொரு சூட்சுமமும் ஒளிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அது கடைசியில்தான் தெரிந்தது என்பதால் கடைசியிலேயே சொல்கிறேன்.

மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும் என்பார்கள். எங்கள் மாடியில் இடம் தாராளமாகவே இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையிலும், பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் பிற்பகலிலும் குறுக்கே விழுந்தது. பேனல்களைத் தொடராக இணைத்திருக்கும்போது ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தால், அந்த வரிசை முழுவதிலும் உற்பத்தி சரியக்கூடும். அதனால் உயரமான இரும்புச் சட்டகம் போட வேண்டியதாயிற்று. அதற்கு 12,000 ரூபாய் தனி. நிறுவனத்து ஆள் முதல் நாள் வந்தபோது மாடிக்கே ஏறாமல் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்ததன் விலை அது. சட்டகத்துக்காகத் தளத்தில் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காததால், ஐப்பசி மழையில் பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒழுகியது. கொத்தனாருக்கு 3,500 ரூபாய்.

டிசம்பர் நடுவில் எல்லாம் மாட்டி முடிந்தது. நெட் மீட்டர் மட்டும் வரவில்லை. "சும்மா கிடக்கட்டும் என்று விடாதீர்கள், இன்வெர்ட்டரைப் போட்டுவிடுங்கள், கட்டணம் குறையும்" என்று நிறுவனத்து மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். நானும் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து மீட்டரைப் பார்த்தால் வழக்கத்தைவிட வேகமாக யூனிட் ஏறியிருந்தது. பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்டபோது உதவிப் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பிரித்து எண்ணுவது நெட் மீட்டர் மட்டும்தான். பழைய மின்னணு மீட்டர்களில் சில, எந்தத் திசையில் ஓடினாலும் அதைப் பயன்பாடாகவே எண்ணும். பகலில் பிள்ளைகள் பள்ளிக்கும் நான் வேலைக்கும் போய்விட, என் மாடியிலிருந்து வெளியே போன மின்சாரத்துக்கு நானே காசு கட்டியிருக்கிறேன். அனுமதி வருவதற்கு முன்னால் இணைப்பதே விதிமீறல் என்பதையும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அணைத்தேன். அந்தச் சுற்றில் கட்டணம் வழக்கத்தைவிட எண்ணூறு ரூபாய் அதிகம். ஜனவரி கடைசியில் நெட் மீட்டர் பொருத்தினார்கள். பிப்ரவரியில் ஆய்வு முடிந்து, செயல்பாட்டுச் சான்றிதழும் இணையதளத்தில் ஏறியது.

இனி பணம் வருவதுதான் பாக்கி என்று நினைத்தபோது அத்தையின் வங்கிக் கணக்கு குறுக்கே நின்றது. நம் ஊரில் ஒருவருக்கு எத்தனை அட்டைகளோ அத்தனை பெயர்கள். ஆதாரில் அத்தையின் பெயருக்குப் பின்னால் மாமனாரின் பெயர் முழுமையாக இருக்கிறது. பாஸ்புக்கில் அவருடைய தகப்பனாரின் பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நிற்கிறது, அதுவும் கல்யாணத்துக்கு முன் போட்ட முதலெழுத்து. போதாக்குறைக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வரவுசெலவே இல்லாததால் கணக்கு செயலற்றதாகிக் கிடந்தது. எழுபத்தோரு வயது அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மூன்று முறை வங்கிக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர், "எனக்கு எதற்கம்மா இந்த வயதில் கரண்ட் கம்பெனி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கே.ஒய்.சி. ஆவணங்களைக் கொடுத்து, பெயரை ஆதாருக்கு ஏற்ப மாற்றி, ஐந்நூறு ரூபாய் போட்டு எடுத்துக் கணக்குக்கு உயிர் கொடுத்த பிறகுதான், வங்கி விவரங்களையும் ரத்து செய்த காசோலையையும் இணையதளத்தில் ஏற்ற முடிந்தது. இதை ஜூன் மாதத்திலேயே, பெயர் மாற்றத்துக்கு அலைந்தபோதே, ஒரே மூச்சில் செய்திருக்கலாம்.

2025 மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்தது. 78,000 அல்ல, 72,600. கணக்கில் ஏதோ தவறு என்று பதறிப்போய் விசாரித்தால் தவறு எதுவும் இல்லை. பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன் ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். எங்கள் இன்வெர்ட்டர் 3 கிலோவாட். பேனல்களோ 540 வாட் வீதம் ஐந்து, ஆக 2.7 கிலோவாட். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மிச்சமுள்ள 0.7-க்கு கிலோவாட்டுக்கு 18,000 வீதம் 12,600. நான் மேலே சொன்ன சூட்சுமம் இதுதான். இன்வெர்ட்டரின் எண்ணைக் காட்டி '3 கிலோவாட் அமைப்பு' என்று விற்றிருக்கிறார்கள். ஆறாவது பேனல் ஒன்று இருந்திருந்தால் முழு மானியமும் கிடைத்திருக்கும், நாளைக்கு இரண்டு யூனிட்டும் கூடுதலாக வந்திருக்கும். கணக்கு வாத்தியாரான எனக்கு 540-ஐ ஐந்தால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் இன்றும் ஆறாத வருத்தம்.

மொத்தத்தில் நான் நிறுவனத்துக்குக் கொடுத்தது 2,25,000 ரூபாய். மானியம் போக 1,52,400. முதலில் சொன்ன 1,17,000 எங்கே, இது எங்கே. நாற்பத்தைந்து நாளில் ஓடியிருக்க வேண்டியது ஏழரை மாதம் கழித்து ஓடியதில், அந்த மாதங்களில் மிச்சமாகியிருக்க வேண்டிய கட்டணமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாயாவது போயிருக்கும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனல்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அது என் கையில் இல்லாத விஷயம். ஆனால் இப்போது கொட்டேஷன் வாங்குபவர்கள் பழைய வரி விகிதத்தில் விலை போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், போட்டதற்காக வருந்துகிறேன் என்று பொருளில்லை. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்பது எங்கள் மாடியில் அநேகமாகச் சரியாகவே வருகிறது. மழைக்காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கிய நாட்களும் உண்டு. அடுத்த கோடையில், அதே ஏசி ஓடியும், இரண்டு மாதக் கட்டணம் ஐந்நூறு ரூபாய்க்குள் நின்றது. ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப ஆறரை ஆண்டு ஆகும் என்று கணித்திருக்கிறேன். நிறுவனத்து ஆள் மூன்று ஆண்டு என்றிருந்தார். மின்தடை வந்தால் மட்டும் எங்கள் வீடும் இருண்டுவிடுகிறது. கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பேட்டரி இல்லாத இவ்வகை இன்வெர்ட்டர்கள் வெளி மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. உச்சி வெயிலில் மின்விசிறி நின்றபோது, "மேலே அத்தனை கண்ணாடி எதற்கு?" என்று அத்தை கேட்டார். விளக்கினேன், அவர் விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

இப்போது நாத்தனார் வீட்டிலும் போட வேண்டும் என்கிறார்கள். எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டுத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அதை விட்டுவிட்டு, மின்கட்டண ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இணைப்பு அவருடைய மாமனார் பெயரில் இருக்கிறது. போன வாரம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.